ஒரே அடுப்பு, இரண்டு வயிறு

ஜூன் 9, திங்கள்

சக்கரை டாக்டர் சொல்லித்தான் இந்த டைரியை எடுத்திருக்கிறேன். என் மகன் தரணி தினமும் என்ன தின்கிறான் என்று நான் எழுதிவைக்க வேண்டுமாம். அவனிடம் கேட்டால் பொய்தான் வரும் என்று அந்த மனுஷனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காலை: கேழ்வரகுக் களி ஓர் உருண்டை, கீரை. மதியம்: சோறு ஒரு கரண்டி, பச்சைப்பயறு கடைசல், அவரைக்காய். இரவு: கோதுமை தோசை இரண்டு.

இத்தோடு மூடிவைத்திருப்பேன். ஆனால் இன்று டாக்டர் கேட்ட கேள்வி மண்டையைக் குடைகிறது.

"பையன் பொறக்கறப்ப எத்தனை கிலோ இருந்தான்?"

"ரெண்டு கிலோகூட இல்லீங்."

"மாசம் முன்னாடியே பொறந்துட்டானா?"

"இல்லீங், நெறமாசம்தான்."

"அப்ப நீங்க மாசமா இருந்தப்ப சரியாச் சாப்பிட்டீங்களா?"

இருபத்தேழு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. தாலி கட்டினவர் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். தரணி என் முகத்தையே பார்த்தான்.

"கர்ப்பத்துல சத்து பத்தலைன்னா, உள்ள இருக்கற குழந்தை கெடைச்சதை வெச்சுச் சிக்கனமாப் பொழைக்கக் கத்துக்கும்மா. இன்சுலின் சுரக்கற எடமும் சரியா வளராது. வெளிய வந்து நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சா அந்த உடம்பால தாங்க முடியறதில்ல. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லமாட்டேன். பரம்பரை, பழக்கம் எல்லாம் சேரும். ஆனா இதுவும் ஒரு காரணம்" என்றார்.

பரம்பரை கிரம்பரை எல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். பீடி சிகரெட் தொடாதவன், குடி தெரியாதவன், எங்கள் தேங்காய்க் களத்தில் காலையிலிருந்து வெயிலில் நிற்கிறவன், ஒல்லியானவன். அவனுக்கு இருபத்தைந்து வயதில் சக்கரை எங்கிருந்து வந்தது என்று ஒன்றரை வருஷமாகச் சாமியைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் சாமி. காரணத்துக்குப் பெயர் நாச்சம்மாள்.

ஜூன் 12, வியாழன்

நாச்சம்மாள் என் வீட்டுக்காரரின் அக்கா. நங்கையா என்று கூப்பிடுவேன். மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். இந்த டைரியில் அவளுக்கு மரியாதை கிடையாது.

நானும் அவளும் ஒரே சமயத்தில் மாசமாக இருந்தோம், ஒரே வீட்டில். தலைப்பிரசவத்துக்கு அவள் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்குப் போகப் பிறந்த வீடு இல்லை. என் அம்மா எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். மாமியார் கட்டிலோடு கிடந்ததால் வீட்டு அதிகாரம் மகள் கையில். ஆக்குவது நான், போடுவது அவள்.

அவள் தட்டில் அவித்த முட்டை இரண்டு, ஆட்டு ஈரல், சுண்டக் காய்ச்சிய பால். என் தட்டில் ஒரு கரண்டிச் சோறு, ரசம். "அளவாத் தின்னோணும் பூங்கொடி. வயிறு முட்டத் தின்னா புள்ளை பெருத்துப்போயி வெளிய வராது. சின்னப் புள்ளையா இருந்தாத்தான் சுளுவாப் பெத்துக்குவ." ஏழு மாதத்துக்கு மேல் ராத்திரிச் சோறே கிடையாது. சுடுதண்ணீர் மட்டும். குடல் குடலைத் தின்னும். பிள்ளை உள்ளே உதைக்கும். பசியில்தான் உதைத்திருக்கிறான் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுக்குக் கட்டுச்சோறு போட்டார்கள். மாசமாக இருக்கிற பெண்ணுக்குத் தாய்வீட்டுக்காரர்கள் விதவிதமாகச் சோறு கிளறி எடுத்துக்கொண்டு போய் ஊட்டி அழைத்துவருகிற விசேஷம். ஒன்பது வகைச் சோற்றையும் அடுப்படியில் நின்று கிளறியது நான், வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு. எனக்குக் கட்டுச்சோறு போட ஆளில்லை. வழித்த பாத்திரத்தில் ஒட்டியிருந்த புளிச்சோற்றைத் தின்றேன். அதையும் பார்த்துவிட்டு "அளவா, அளவா" என்றாள்.

அவள் மகள் மேகலா மூன்றரைக் கிலோ. சந்தனக்கட்டை மாதிரி இருக்கிறாள் இன்றைக்கும்.

சரி, பழசு போகட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. போன மாதம் தரணிக்கு ஒரு பெண் அமைந்து, உப்புச்சக்கரை மாற்றி உறுதி செய்ய நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். இவள் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "பையனுக்குச் சக்கரை இருக்குதுங். மறைச்சுக் கட்டிவெச்சாப் பாவமுங். ஆனா அது எங்க வகையில வந்ததில்லீங், அவங்கம்மா வகை" என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார்கள். நாங்களே சொல்லலாம் என்றுதான் இருந்தோம், அது வேறு. அவங்கம்மா வகையாம். செத்துப்போன என் அம்மாவை இழுத்திருக்கிறாள். வயிறெரிந்து சொல்கிறேன், இதை அவள் அனுபவிக்காமல் போகக் கூடாது.

தரணி: களி, சோறு ஒரு கரண்டி, கொள்ளுப் பருப்பு, தோசை இரண்டு.

ஜூன் 22, ஞாயிறு

நங்கையா தாராபுரத்து வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பில் கம்பி வைத்திருக்கிறார்கள், எழுந்து நடமாட மூன்று நான்கு மாதம் ஆகுமாம். அவளுக்குப் புருஷனும் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மேகலா இப்போது மாசமாக இருக்கிறாள், ஆறு முடிந்து ஏழு. புருஷன் துபாயில்.

வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "தாய்மாமன் நான் இருக்கறப்ப அந்தப் புள்ளை எங்க போவும்? கட்டுச்சோறு நாமதான் போடோணும். அக்காளும் புள்ளையும் பிரசவம் முடியற வரைக்கும் இங்கியே இருக்கட்டும். உனக்கு ஒண்ணும் சங்கடம் இல்லியே?"

"எனக்கென்னங் சங்கடம்? வரட்டும்" என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன்ற மனசு ஆருக்கு வரும்" என்றார். என் மனசு அப்போது என்ன கணக்குப் போட்டது என்று தெரிந்திருந்தால் அந்தச் சோறு அவருக்கு இறங்கியிருக்காது.

ஜூலை 6, ஞாயிறு

கட்டுச்சோறு ஜாம்ஜாமென்று முடிந்தது. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், எள்ளு, கறிவேப்பிலை, தக்காளி, மல்லி, சக்கரைப் பொங்கல். ஒன்பதும் நானே. வந்த ஒறம்பரை, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கையை நக்கிக்கொண்டே என்னைப் புகழ்ந்தார்கள்.

நங்கையா காரில் பின்சீட்டில் படுத்தபடி வந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு படி ஏறும்போது என் தோளில் சாய்ந்தாள். கனம் தாங்கவில்லை. "என்ற தம்பி பொண்டாட்டி தாய்க்கு மேலங்" என்று எல்லாரிடமும் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மேகலாவின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அதையும் எழுதிவைக்கிறேன். நல்ல பெண். வந்ததும் வராததுமாக அடுப்படிக்கு வந்து வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டாள். நான்தான் எழுப்பி அனுப்பினேன்.

ஜூலை 16, புதன்

பிரசவ டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். மேகலாவுக்குக் கர்ப்பச் சக்கரை.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் வைத்துத்தான் சொன்னார். இனிப்பை நிறுத்த வேண்டும், சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்ட வேண்டும், நடக்க வேண்டும். "இப்பக் கட்டுப்படுத்தலைன்னா குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கும். அதோட விடாது. பின்னால அந்தக் குழந்தைக்கும் சக்கரை வர வாய்ப்பு அதிகம்" என்றார்.

பட்டினி போட்டாலும் வருமாம், சக்கரையைக் கொட்டினாலும் வருமாம். இரண்டும் வயிற்றிலேயே ஆரம்பமாம். ஆட்டோவில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நங்கையாவிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நான் எதையும் மறைக்கவில்லை. இதை நன்றாகத் தெரியும்படி எழுதுகிறேன்.

அவள் கட்டிலில் இருந்தபடியே வாயைச் சுழித்தாள். "மாசமா இருக்கற புள்ளைக்கு என்ன சக்கரை, கண்றாவி! டாக்டருகளுக்குப் பொழப்பு நடக்கோணுமல்லோ. நாங்கெல்லாம் புள்ளை பெக்கலியா? அவ வாய்க்கு என்ன கேக்குதோ அதைச் செஞ்சுபோடு பூங்கொடி. ஒப்பிட்டுன்னா உசுரு அவளுக்கு."

"டாக்டரம்மா வேண்டாம்னாங்களே நங்கையா."

"நான் சொல்றேன், நீ சுடு."

"சரிங்" என்றேன்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பேச்சுக்குச் சரி சொல்லித்தான் பழக்கம். அன்றைக்குத் தின்னாதே என்றாள், தின்னவில்லை. இன்றைக்குச் சுடு என்கிறாள், சுடுகிறேன். என்னை யார் என்ன கேட்க முடியும்? ஒப்பிட்டுக்கு உள்ளே வைக்கிற பூரணத்துக்குக் கடலைப்பருப்பும் வெல்லமும் வாங்கிவைத்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஒப்பிட்டு எட்டு. நெய் தாராளம். தட்டு காலியாக வந்தது.

ஜூலை 24, வியாழன்

சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலில் வெல்லம் கரைத்து ஊற்றிக் கொடுத்தேன். மேகலா தட்டை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போய்விடுகிறாள். "அம்மா முன்னாடி உக்காந்தா இன்னும் தின்னு இன்னும் தின்னுங்குதுங் அத்தை. காத்தாட அங்க உக்காந்து தின்னுக்கறேன்" என்றாள். போகட்டும். தரணியும் சாயங்காலம் அங்கேதான் இருப்பான். சின்ன வயதில் ஒன்றாக மண்ணில் புரண்டதுகள். அவன் மிஷினில் அவளுக்கு விரல் குத்திச் சக்கரை பார்த்துச் சொல்கிறானாம். இரண்டும் சிரிக்கிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கிறது. கல்யாணம் நின்றதிலிருந்து அவன் சிரித்துக் கேட்கவில்லை, அந்த வகையில் நல்லதுதான்.

தட்டு கழுவினது போலக் காலி. நங்கையாவுக்குப் பரம திருப்தி.

தரணி: வழக்கம் போல.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடி நோம்பி. வெல்லம் கரைத்து எண்ணெயில் கச்சாயமும் சுட்டேன், பாயசமும் வைத்தேன். வந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "சக்கரைன்னு சொன்னாங்களே, தரலாமுங்களா?" என்று கேட்டாள். நான் வாய் திறக்கவில்லை. நங்கையாதான் பொரிந்து தள்ளினாள். "ரெண்டு உசுரு தின்றது. ஆராச்சும் கண்ணு வெச்சீங்க, நடக்கறதே வேற." அவள் பேசப் பேச எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பேசு தாயே, இன்னும் நன்றாகப் பேசு. நாளைக்கு உன் பேரப்பிள்ளைக்குச் சக்கரை என்று டாக்டர் சொல்லும்போது, "உங்க வகையா, எங்க வகையா?" என்று நான் கேட்பேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க நூறு வயது வரை உயிரோடு இருக்கவும் தயார்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

குடத்துத் தண்ணீர் இப்போதெல்லாம் மத்தியானத்துக்கே காலியாகிவிடுகிறது. வெயில் அப்படி அடிக்கிறது. தரணி புதுச் செருப்புக் கடித்துக் காலில் கொப்புளத்தோடு திரிகிறான். மஞ்சள் பற்றுப் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

செக்கப். மேகலாவுக்குச் சக்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறதாம். குழந்தையும் அளவாக இருக்கிறதாம். டாக்டரம்மா என்னைப் பார்த்து, "வீட்டுல நீங்கதான் சமையலா? ரொம்ப நல்லாப் பார்த்துக்கறீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் முழுக்க வெல்லமும் நெய்யுமாகக் கொட்டியிருக்கிறேன். இந்த வயிறு என்ன வயிறு? நல்ல சோறு தின்று வளர்ந்த உடம்பு, எதைப் போட்டாலும் செரித்துக்கொள்கிறது போலிருக்கிறது. என் பிள்ளைக்கு ஒரு வாய்ச் சோறு கூடினால் ஏறுகிறது. இவளுக்கு எட்டு ஒப்பிட்டும் ஏறவில்லை. கடவுளுக்கும் பணக்காரன் வீட்டுப் பிள்ளைதான் கண்ணுக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 16, சனி

கச்சாயம் கூடுதலாகச் சுட்டேன். மேகலா அடுப்படிக்கு வந்து, "அத்தை, கையைக் குடுங்க" என்று இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஓர் உதை. நல்ல உதை. இது பசி உதை அல்ல.

"கையெல்லாம் எண்ணெய், விடு கண்ணு" என்று எடுத்துக்கொண்டேன். கச்சாயம் இரண்டு கருகிவிட்டது. மீதியைக் கொடுத்தனுப்பினேன். கொடுத்தனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அதற்குள் நங்கையா உள்ளேயிருந்து, "பூங்கொடிக்கு அவங்கம்மா வளர்ப்பு சரியில்லாட்டியும் கைப்பக்குவம் சரியா இருக்குது" என்று யாரிடமோ போனில் சொல்வது காதில் விழுந்தது. நாளைக்கு அல்வா கிண்டப்போகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தரணி இளைத்துவிட்டான். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து கொல்லைக்குப் போகிறான், தூக்கமில்லை. முகத்தில் களையே இல்லை. வீட்டுக்காரர், "டாக்டருகிட்டக் காட்டுனானா?" என்று கேட்டார். போன மாதம் போகவேண்டிய முறைக்கு அவன் போகவில்லை. நானும் மேகலாவோடு அலைந்ததில் கவனிக்கவில்லை.

எனக்குத் தெரியும் இது என்னவென்று. அந்தப் பெண்ணை நினைத்து உருகுகிறான். நங்கையா மகராசி போட்ட போன். ஒவ்வொரு தடவை அவன் சட்டையைப் பார்க்கும்போதும் நான் இன்னும் கொஞ்சம் வெல்லம் அள்ளிப் போடுகிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

காலையில் களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த தரணி அப்படியே சரிந்துவிட்டான். மூச்சு இழுத்து இழுத்து வாங்கினான். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சக்கரை ஐந்நூறுக்கு மேல். செருப்புக் கடித்த சுண்டுவிரல் கறுத்துக் கிடந்தது. அவன் இரண்டு வாரமாக சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்ததன் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

சக்கரை டாக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். "என்னம்மா சாப்பிடக் குடுத்தீங்க? எழுதி வெக்கச் சொன்னேனே!"

"களியும் கீரையும்தானுங். எங்க வீட்டுல அவனுக்கு ஒரு இணுக்கு வெல்லம் கெடையாதுங். சத்தியமாங்" என்று நானும் கத்தினேன்.

மேகலா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். அந்த வயிற்றோடு வராதே என்றால் கேட்கவில்லை. கிட்ட வந்து என் கையைப் பிடித்தாள்.

"அத்தை, என்னைய மன்னிச்சுருங்க. நான் ஒரு வாய்கூடத் திங்கலீங். புள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னதுல பயம். ஆனா நீங்க அடுப்புல வெந்து அத்தனை ஆசையாச் சுட்டுத் தரீங்க, வேண்டாம்னா சங்கடப்படுவீங்க, அம்மாவும் வையும். தரணிதான் 'இங்க குடு, அம்மா கை ஒப்பிட்டு தின்னு ஒண்ணரை வருசமாச்சு'ன்னான். மொதல்ல ஒண்ணுதான் தின்னானுங். அப்புறம்... மாத்திரை ஒண்ணு சேத்திப் போட்டுக்குவேன், ஒண்ணும் ஆகாதுன்னான். நானும் நம்பீட்டனுங்."

எட்டு ஒப்பிட்டு. பாயசம். கச்சாயம். அல்வா. தட்டு காலியாக வந்ததையெல்லாம் இந்த டைரியில் சந்தோஷமாக எழுதியிருக்கிறேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

உயிருக்குப் பயமில்லை என்றார்கள். சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நங்கையா வாக்கரோடு வாசலுக்கே வந்து நின்றாள். "எப்படி இருக்கறான் என்ற சாமி? ஏம்புள்ள, நீ பக்கத்துலயே இருந்து பார்த்துக்கறதில்லியா?" என்றாள்.

அவ்வளவுதான். இருபத்தேழு வருஷமும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "எம்புள்ளை இன்னிக்கு இப்படிக் கெடக்கறதுக்கு நீதான் காரணம். நீ முட்டை தின்ன, ஈரல் தின்ன. என்னையச் சுடுதண்ணி குடிச்சுட்டுப் படுக்கச் சொன்ன. வயித்துலயே எம்புள்ளையப் பட்டினி போட்டுட்டு, எங்கம்மா வகைன்னா சொல்ற?" என்று நாயே பேயே என்று என்னென்னவோ பேசினேன். நங்கையா என்றுகூடச் சொல்லவில்லை, நீ நீ என்றே பேசினேன்.

அவள் சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரட்டும், முடியைப் பிடிக்கலாம் என்றுதான் நின்றேன். அவள் வாக்கரின் மேல் சாய்ந்தபடி விழித்தாள்.

"ஆமா, அளவாத்தான் போட்டேன். சின்னப் புள்ளையா இருந்தா சுளுவாப் பொறக்கும்னு எங்கம்மா சொல்லுச்சு. உனக்குத் தாயில்ல, பிரசவத்துல என்னமாச்சும் ஆச்சுன்னா ஆரு இருக்கறான்னு பயந்துதான் உன்னைய அடக்கி வெச்சேன். எனக்கு நாக்கு அடங்கல, தின்னு தொலைச்சேன். அதுக்குத்தான் ரெண்டு நாள் வலியில கெடந்து வயித்தைக் கீறி எடுத்தாங்க. நீ அரைமணி நேரத்துல பெத்துட்டு எந்திரிச்சு உக்காந்த. உன்னையப் பார்த்து எனக்கு எத்தனை பொறாமையா இருந்துச்சு தெரியுமா? நான் உனக்கு நல்லதுதான புள்ள பண்ணேன்?"

நல்லது பண்ணினாளாம். அவள் முகத்தில் பொய் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். துணியைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்லதுக்கென்று செய்தால் பசி பசி இல்லையென்றாகிவிடுமா?

செப்டம்பர் 9, செவ்வாய்

தரணி இன்று எழுந்து உட்கார்ந்தான். ஊசி போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். இனி மாத்திரை மட்டும் போதாதாம். நான் ஆரஞ்சுப் பழத் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மேகலாவுக்குச் சக்கரைன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சுட்டீங்க?"

"உங்கத்தைதான் சுடச் சொன்னாங்க."

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் தின்னது என்ற தப்பு, நாக்கை அடக்க முடியல. அதுக்கு உங்களைச் சொல்லமாட்டேன். ஆனா எனக்குச் சக்கரைன்னு சொன்ன அன்னிக்கே வீட்டுல இருந்த வெல்லத்தையெல்லாம் மாட்டுக்கு வெச்சீங்க. அப்பாவுக்குக்கூட டீயில போட மாட்டீங்க. அவளுக்கு மட்டும் அத்தனை அத்தனை சுட்டீங்க." என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தான். "அந்தப் புள்ளையும் என்னையாட்டமே ஆகோணும்னு நெனச்சீங்களாம்மா?"

இல்லை சாமி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆரஞ்சுத் தோல் கையில் இருந்தது. அதையே துண்டு துண்டாகக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போனான். "மேகலாவுக்கும் எனக்கும் இனி நான் ஆக்கிக்கறேன். நீங்க சித்த வெளிய இருங்க" என்றான். திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு பேருக்கும் களி கிண்டினான், கட்டி கட்டியாக. இரண்டு பேரும் தின்றார்கள். நான் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

இன்றும் அவனே ஆக்கினான். கீரையை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மேகலாவுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்கு ஒரு பிடி குறைச்சல். சுகப்பிரசவம். அழுத அழுகையில் வார்டே திரும்பிப் பார்த்தது.

மத்தியானம் நங்கையா வாக்கரோடு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு நான் பேசிய பேச்சை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் எடுக்கவில்லை. பெற்ற மனசு வெசனத்தில் பேசியது என்று தள்ளிவிட்டாள் போலிருக்கிறது. மடியிலிருந்து சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்றை எடுத்தாள். சக்கரைத் தண்ணீர். சேனை வைக்க. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் முதலாக இனிப்புத் தொட்டு வைப்பது. வைக்கிறவர்களின் குணம் பிள்ளைக்கு வரும் என்பதால் ஆள் பார்த்துத்தான் வைக்கச் சொல்வார்கள்.

மேகலாவின் மாமியார் வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். எங்கே தன்னைக் கூப்பிடுவாளோ என்று இரண்டு பேர் முந்தானையைச் சரிசெய்தார்கள். நங்கையா கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள்.

"என்ற தம்பி பொண்டாட்டிதான் வெக்கோணும். பெத்தவ நான் படுத்துக் கெடந்தேன். அடுப்புல வெந்து எம்பொண்ணைப் பார்த்தவ இவ. எம்மேல கோவம் இருந்தும் அவளுக்கு ஒரு கொறை வெக்கல. இவ குணம் இந்தப் புள்ளைக்கு வரட்டும்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். அவள் வாயால், நாலு பேர் முன்னால், எனக்கு இப்படி ஒரு பேர் கிடைக்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஏங்கியிருக்கிறேன். விரலை நனைத்தேன். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து தேடியது. கதவோரம் தரணி நின்றிருந்தான், காலில் கட்டோடு. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"வேண்டாங் நங்கையா. என்ற குணம் இந்தப் புள்ளைக்கு வேண்டாம்."

"பாருங்க, இவ அடக்கத்தை!" என்று நங்கையா எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள்.

தரணி சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்து என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினான்.